பன்றி யார் பெயரில் இருந்தது?

உள்ளங்கை அளவு நோட்டு அது. விதை கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் இலவசமாகக் கொடுப்பது, சட்டைப் பையில் அடங்கிவிடும். ஓரமெல்லாம் சாணிக் கறை, கிரீஸ் கறை. உள்ளே பென்சிலில் தேதியும் எதிரே மாடுகளின் எண்ணிக்கையும். ஒரு பக்கத்தில் "ஏப்ரல் 13: 60. லாரி வரவில்லை" என்று இருந்தது. அடுத்த பக்கத்தில் "ஏப்ரல் 22: 60 போனது". அவ்வளவுதான்.

2020 ஜூன் மாதம், எங்கள் அலுவலகத்து வாசலில் நிறுத்திய பிக்கப் வண்டியின் ஜன்னல் வழியாக, மாடு வளர்க்கும் ஒரு விவசாயி அதை என்னிடம் நீட்டினார். இரண்டு பேரும் முகக்கவசம் போட்டிருந்தோம். அப்போது யாரையும் உள்ளே விடுவதில்லை. நான் நோட்டை வாங்கி, பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் அவருக்கு எவ்வளவு பணம் போயிருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

நான் இருப்பது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், வாட்டர்லூவுக்கும் மார்ஷல்டவுனுக்கும் இடையில் உள்ள கிராமப்புறம். கவுண்டியின், அதாவது எங்கள் உள்ளூர் மாவட்டத்தின், பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆள் குறைவான இடம், பெயரைச் சொன்னால் ஆளைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும். விவசாயிகளுக்குக் கணக்கு எழுதி, வரி தாக்கல் செய்து கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் பல்லடம் பக்கம். சோளக்காடும் கோழிப்பண்ணையும் பார்த்து வளர்ந்தவள் என்பதால், இங்கே வந்த புதிதில் மற்றதெல்லாம் அந்நியமாகத் தெரிந்தாலும் விவசாயிகள் பேசும் கவலைகள் மட்டும் அந்நியமாகத் தெரியவில்லை. மழை, விலை, வட்டி. எல்லா ஊரிலும் அந்த மூன்றுதான்.

கொரோனா காலத்தில் அமெரிக்க அரசு விவசாயிகளுக்குக் கொடுத்த நிவாரணத்தைப் பற்றி இரண்டு விதமான பேச்சைத்தான் கேட்டிருக்கிறேன். நகரத்து நண்பர்கள், "பெரிய பண்ணைக்காரர்களுக்கு அள்ளிக் கொடுத்தார்கள்" என்பார்கள். இங்கே காப்பிக் கடையில், "அந்தப் பணம் வரலேன்னா பாதிப் பேர் காலி" என்பார்கள். அந்தப் படிவங்களைப் பூர்த்தி செய்து கொடுத்தவள் நான். இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டு பேச்சிலும் வராத சில ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2020 ஏப்ரலில் இங்கே என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பன்றியும் மாடும் வளர்ப்பவருக்குக் காலம் மிக முக்கியம். ஒரு பன்றி ஏறத்தாழ ஆறு மாதத்தில் விற்பனை எடைக்கு வந்துவிடும். அந்த வாரம் அது போயாக வேண்டும், ஏனென்றால் அடுத்த குட்டிகள் வரிசையில் நிற்கின்றன. ஏப்ரல் 12-ந் தேதி தெற்கு டகோடாவில் சூ ஃபால்ஸ் நகரத்து ஸ்மித்ஃபீல்டு பன்றி இறைச்சி ஆலையை மூடப் போவதாக அறிவித்தார்கள். 20-ந் தேதி மின்னசோட்டாவின் வொர்திங்டன் ஆலை. 22-ந் தேதி எங்களுக்குப் பக்கத்திலேயே வாட்டர்லூவில் டைசன் ஆலை. அது ஒன்று மட்டுமே நாளைக்கு 19,500 பன்றிகளை வாங்கும் ஆலை. மாட்டிறைச்சி ஆலைகளிலும் இதே கதை. ஊழியர்களுக்கு நோய், ஆலைக்குப் பூட்டு, பண்ணையில் தேக்கம். பெட்ரோல் விற்பனை படுத்ததால், அதில் கலக்கும் எத்தனாலைத் தயாரிக்கும் ஆலைகள் மக்காச்சோளம் வாங்குவதைக் குறைத்தன. பள்ளிகளும் ஓட்டல்களும் மூடியதால் விஸ்கான்சினில் பாலைக் கீழே கொட்டினார்கள்.

பன்றி வளர்ப்பவர்கள் தீவனத்தில் நாரைக் கூட்டி, கொட்டகையின் வெப்பத்தை ஏற்றி, எடை கூடாமல் இழுத்துப் பிடித்தார்கள். அதற்கும் வழியில்லாதவர்கள் கொன்று புதைத்தார்கள். வளர்ந்த பன்றியைச் சாப்பிட யாரும் இல்லாமல் கொல்வது என்ன வலி என்பதை அதைச் செய்த ஒருவரின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை.

ஏப்ரல் 17-ந் தேதி அப்போதைய விவசாயத் துறை அமைச்சர் சோனி பெர்டியூ திட்டத்தை அறிவித்தார். மொத்தம் 1,900 கோடி டாலர். அதில் 1,600 கோடி விவசாயிகளுக்கு நேரடியாக, மீதி உணவுப் பொருட்களை வாங்கி ஏழைகளுக்குக் கொடுக்க. கொரோனா வைரஸ் உணவு உதவித் திட்டம் என்று பெயர், சுருக்கமாக சிஃபாப் (CFAP) என்பார்கள். மே 26 முதல் விண்ணப்பம். பெரும்பாலான கவுண்டிகளில் விவசாயத் துறையின் எஃப்.எஸ்.ஏ. அலுவலகம் உண்டு. நம் ஊரில் தாலுகா ஆபீஸும் வேளாண்மை ஆபீஸும் சேர்ந்த மாதிரி ஒன்று. அதை மேற்பார்வை பார்க்கும் கமிட்டிக்கு உள்ளூர் விவசாயிகளே தபால் ஓட்டுப் போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1930-களிலிருந்து வரும் பழக்கம் இது. அந்த அலுவலகமும் அப்போது பூட்டியிருந்தது. எல்லாமே போன், தபால், வாசலில் வைத்த பெட்டி. உள்ளே இருந்த பெண்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, குழந்தைகள் பின்னால் கத்தக் கத்த, எங்கள் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். விதிகள் அவர்கள் கையிலேயே வாரத்துக்கு ஒருமுறை மாறின. அவர்கள் மேல் எனக்கு மரியாதை தவிர வேறெதுவும் இல்லை.

விவசாயி தானே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், பின்னால் வேண்டுமானால் சரிபார்ப்பார்கள் என்பது ஏற்பாடு. அதனால் பணம் வேகமாக வந்தது. 70 மாடு வைத்துப் பால் கறக்கும் ஒரு குடும்பத்தின் கணக்கை நான் போட்டேன். ஜனவரி முதல் மார்ச் வரை கறந்த பால் சுமார் 3,800 நூறு பவுண்டு. இங்கே பாலை நூறு பவுண்டுக் கணக்கில்தான் சொல்வார்கள். அதற்கு இரண்டு விதமான தொகையும் சேர்ந்து 6 டாலர் 20 சென்ட் வீதம், 23,500 டாலருக்குக் கொஞ்சம் மேல் வந்தது. முதலில் 80 சதவீதம், மீதி பின்னால். அந்தப் பணம் அப்படியே தீவனக் கடைக்குப் போனது. அந்த வீட்டு அம்மா போனில் அழுதார். "இந்த மாதம் மாடுகளை விற்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். ஆகவே இந்தப் பணமே தேவையில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, நோட்டுக்காரரிடம் வருகிறேன். கறிக்கு வளர்த்து விற்பனைக்குத் தயாராக இருந்த மாடுகள் 60. ஏப்ரல் 13-ந் தேதி ஏற்றிவிட ஏற்பாடு. வாங்க வேண்டிய ஆலை நோயால் நின்றுவிட்டது. 22-ந் தேதி வேறு இடத்துக்கு, குறைந்த விலைக்கு, தூரம் அதிகம் என்பதால் கூடுதல் லாரி வாடகையோடு அனுப்பினார். திட்டத்தின் விதிப்படி, ஜனவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை விற்ற மாட்டுக்குத் தலைக்கு 214 டாலர். ஏப்ரல் 16 முதல் மே 14 வரை கையில் இருந்த மாட்டுக்குத் தலைக்கு 33 டாலர். 13-ந் தேதி போயிருந்தால் 12,840 டாலர். 22-ந் தேதி போனதால் 1,980 டாலர்.

நான் இதைப் போனில் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒன்பது நாள். அதே மாடுகள்" என்றார். அப்புறம், "விலை விழுந்ததே அதற்கு அப்புறம்தானே?" என்று கேட்டார். ஆமாம், அதற்கு அப்புறம்தான் இன்னும் விழுந்தது. பட்ட அடி பெரிதான ஆளுக்குத் தொகை சிறிது. சட்டம் கொடுத்த நிதி ஒரு கணக்கு, துறையின் கையில் இருந்த நிதி இன்னொரு கணக்கு, இரண்டுக்கும் நடுவில் ஏப்ரல் 15 என்று கோடு போட்டார்கள். அந்தக் கோடு வாஷிங்டனில் ஒரு தாளின் மேல் விழுந்தது. இங்கே அது ஒருவருடைய தொழுவத்தின் நடுவே ஓடியது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுய சான்றிதழ்தானே, தேதியை முன்னால் தள்ளிப் போடலாமா என்று அவர் கேட்கவே இல்லை. நோட்டில் இருந்ததை அப்படியே எழுதச் சொன்னார். அவருடைய பின்னாள் வரவுகளையும் எழுதிவிடுகிறேன். செப்டம்பரில் வந்த இரண்டாவது சுற்றில் மாட்டுக்கு 55 டாலர் வீதம் 3,300. முதல் சுற்றில் அநியாயம் என்று மாட்டுக்காரர்கள் கத்திக் கத்தி, 2021 வசந்தத்தில் இன்னொரு 63 டாலர் வீதம் 3,780. எல்லாம் கூட்டினால் 9,060. ஒரு வருடம் கழித்தும் அந்த ஒன்பது நாளை அவரால் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

இவராவது கணக்கில் இருந்தார். கணக்கிலேயே வராதவர் ஒருவர் இருக்கிறார்.

எங்கள் அலுவலகத்திலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் அவருடைய கொட்டகை. 2,400 பன்றிகள் நிற்கும் நீளமான கொட்டகை, இரண்டு முனையிலும் பெரிய காற்றாடிகள். பன்றிகள் அவருடையவை இல்லை. ஒரு கம்பெனி குட்டிகளைக் கொண்டுவந்து இறக்கும், தீவனம் தரும், மருந்து தரும். கொட்டகை, தண்ணீர், கரண்ட், உழைப்பு எல்லாம் அவருடையது. எடைக்கு வந்ததும் கம்பெனி லாரி வந்து ஏற்றிப் போகும். அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி. பல்லடம், உடுமலை, நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு நான் இதை விளக்கவே வேண்டாம். நம் கறிக்கோழிப் பண்ணையில் வளர்ப்புக் கூலி என்கிறோமே, அதேதான். என் சித்தப்பா பதினைந்து வருடமாக அந்தத் தொழிலில்தான் இருக்கிறார். முதன்முதலில் அந்தப் பன்றிக் கொட்டகைக்குள் போனபோது, "இது சித்தப்பாவின் செட்டுதான், கொஞ்சம் பெரிது" என்று தோன்றியது.

ஏப்ரல் கடைசியில் போக வேண்டிய பன்றிகள் ஜூன் நடுவில்தான் போயின. அத்தனை வாரமும் காற்றாடி ஓடியது, தண்ணீர் ஓடியது, பில் அவர் பெயருக்கு வந்தது. கூலி தலைக்கு என்பதால் கூடுதல் நாளுக்குக் கூடுதல் காசு இல்லை. அப்புறம் அடுத்த குட்டிகள் வரவில்லை. ஜூலை காலி. ஆகஸ்ட் காலி. செப்டம்பர் கடைசியில்தான் இறக்கினார்கள். கொட்டகைக்கு வாங்கிய வங்கிக் கடனின் தவணை மட்டும் நிற்கவில்லை.

ஜூன் மாதமே நான் அவருக்காக எஃப்.எஸ்.ஏ.-வுக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் முதல் கேள்வியாகக் கேட்டது இதுதான்: "பன்றிகள் யார் பெயரில் இருக்கின்றன?"

கம்பெனி பெயரில்.

"அப்படியானால் தகுதி இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்."

காரணமும் சொன்னார். திட்டமே விலைச் சரிவுக்கான இழப்பீடு. ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள் 5 சதவீதத்துக்கு மேல் விலை விழுந்த பொருட்களுக்கு. விலை விழுந்தால் யாருக்கு நஷ்டமோ அவருக்குப் பணம். கூலிக்கு வளர்ப்பவருக்கு விலையில் பங்கு கிடையாது, ஆகவே நஷ்டமும் கிடையாது. காகிதத்தில் இது நேரான வாதம். ஆனால் அவருக்கு வந்த நஷ்டம் விலை விழுந்ததால் வந்தது இல்லையே. பன்றியே வராததால் வந்தது. அதை எழுத அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் கூட இல்லை. படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். உண்மையிலேயே இல்லை.

அன்று ராத்திரி சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். அந்த வருடத் தொடக்கத்தில் கோழி தின்றால் கொரோனா வரும் என்று கிளம்பிய புரளியில் அங்கே கறிக்கோழி விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. "ரெண்டு மாசமா செட்டு காலியாத்தான் கெடந்துது அம்மிணி. குஞ்சு எறக்க மாட்டேன்னுட்டாங்க. கோழி கம்பெனியோடது, கடன் நம்மளோடது" என்றார். நான் இங்கே பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும் ஆளைப் பற்றிச் சொன்னேன். "அங்கயுமா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். எனக்கும் அதற்கு மேல் பேச வரவில்லை.

ஆகஸ்ட் 10-ந் தேதி டெரேச்சோ புயல் வந்தது. தெற்கு டகோடாவில் கிளம்பிய நேர்க்காற்று அயோவாவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. சீடர் ராப்பிட்ஸ் பக்கம் மணிக்கு 140 மைல் வேகம் இருந்திருக்கும் என்று பின்னால் கணித்தார்கள். தானியம் கொட்டி வைக்கும் எஃகுக் குதிர்கள் கசக்கிய காகிதம் மாதிரி கிடந்தன. நின்ற மக்காச்சோளம் தரையோடு தரை. எங்கள் அலுவலகத்தில் எட்டு நாள் கரண்ட் இல்லை. புயலுக்கான காப்பீடு தனிக் கதை, அதற்குள் போகவில்லை.

செப்டம்பர் 17-ந் தேதி ட்ரம்ப் விஸ்கான்சினில் மோசினி என்ற ஊரில் தேர்தல் கூட்டத்தில் இரண்டாவது சுற்றை அறிவித்தார். அப்போது சொன்னது சுமார் 1,300 கோடி டாலர். இரண்டு சுற்றும் சேர்ந்து கடைசியில் ஏறத்தாழ 3,100 கோடி வரை போனது. 2020-ல் அமெரிக்க விவசாயிகளுக்கு அரசு நேரடியாகக் கொடுத்த எல்லாப் பணத்தையும் கூட்டினால் 4,500 கோடி டாலருக்கு மேல். அதுவரை எந்த வருடமும் அவ்வளவு கொடுத்ததில்லை. ஆளுக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். மூன்று பங்குதாரர்கள் தலைக்கு 400 மணி நேரம் உழைத்ததாகக் காட்டும் கம்பெனி அமைப்பாக இருந்தால் 7,50,000 வரை போகலாம். அப்படி அமைத்துக்கொண்டவர்கள் எங்கள் பக்கம் உண்டு. அவர்கள் சட்டப்படிதான் செய்தார்கள். அவர்களுக்கு அதைச் செய்துகொடுக்க வக்கீல் இருந்தார்.

இரண்டாவது சுற்றிலும் கூலிக்கு வளர்ப்பவர்கள் இல்லை. அந்தப் படிவத்தையும் நான் வரி விடாமல் படித்தேன்.

மக்காச்சோளம் வைத்திருந்தவர்கள் கதை வேறு. முதல் சுற்றில் 2019 விளைச்சலில் பாதி, அல்லது ஜனவரி 15-ல் விலை பேசாமல் கையில் இருந்த இருப்பு, இரண்டில் எது குறைவோ அதற்குப் புஷலுக்கு 33.5 சென்ட் கணக்கு. புஷல் என்பது இங்கே தானியம் அளக்கும் அளவு. 60,000 புஷல் விளைந்து, முக்கால்வாசியைக் குதிரில் வைத்திருந்த ஒருவருக்கு 10,050 டாலர் வந்தது. அவர் அந்தத் தானியத்தை விற்கவில்லை. விலை ஏறத் தொடங்கியது. சீனா வாங்க ஆரம்பித்தது, புயலும் வறட்சியும் விளைச்சலைக் குறைத்தன, 2021 மே மாதம் சிகாகோ சந்தையில் புஷல் 7 டாலரைத் தாண்டியது. விலை விழுந்ததற்கான பணமும் அவரிடம், ஏறிய விலையும் அவரிடம். நல்ல மனிதர், கிடைத்ததை மறைத்துப் பேசுகிறவர் இல்லை. "எனக்கே கூச்சமாக இருக்கிறது" என்றார். 2021 வசந்தத்தில் மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் ஏக்கருக்கு இன்னொரு 20 டாலர் வந்தது. விண்ணப்பம் கூடப் போட வேண்டாம், பழைய விண்ணப்பத்தில் இருந்த ஏக்கர் கணக்கைப் பார்த்து நேராக வங்கிக்கு அனுப்பினார்கள்.

அந்த 20 டாலர் வந்த வாரம் பன்றிக் கொட்டகைக்காரரின் மனைவி மார்ஷல்டவுனில் இரவு வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார். இதை நான் யார் மேலும் பழி போட எழுதவில்லை. ஒரே சாலையில் எதிரெதிரே இருக்கும் இரண்டு வீடுகள் அவை. ஒரு வீட்டின் ஏக்கரைக் கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருந்தது. எதிர் வீட்டுக் கொட்டகை காலியாகக் கிடந்ததைக் கேட்டுக்கூட யாரும் வரவில்லை. அப்போது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

ஆலையில் வேலை பார்த்தவர்களையும் சொல்லாமல் விட முடியாது. வாட்டர்லூ ஆலையில் மட்டும் 1,000 பேருக்கு மேல் நோய் தொற்றியதாக பிளாக் ஹாக் கவுண்டி சுகாதாரத் துறை அப்போது சொன்னது. பன்றி தேங்கியதற்கு விலை போட்டார்கள். பன்றியை வெட்டியவர் இருமிக்கொண்டே நின்ற நாட்களுக்கு விவசாயத் துறையின் இந்தத் திட்டத்தில் இடமில்லை. பண்ணைத் தொழிலாளர்களுக்கும் இறைச்சி ஆலைத் தொழிலாளர்களுக்கும் ஆளுக்கு 600 டாலர் என்று ஒரு திட்டத்தை 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். அந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கவே 2022 அக்டோபர் ஆகிவிட்டது.

கூலிக்கு வளர்ப்பவர்களுக்குக் கதவு திறந்தது 2020 டிசம்பர் 27-ல் கையெழுத்தான செலவினச் சட்டத்தில். நாடாளுமன்றமே அவர்களைப் பெயர் சொல்லிச் சேர்த்து, 100 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சந்தோஷமாக அவருக்குப் போன் செய்தேன். ஜனவரியில் ஆட்சி மாறியது, புது அரசு எல்லாவற்றையும் நிறுத்தி மறுபரிசீலனை செய்தது. மார்ச்சில் மற்றதெல்லாம் மறுபடி நகர்ந்தது. இவர்களுடையது நகரவில்லை. விதிகள் எழுத வேண்டும் என்றார்கள். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை. மாதத்துக்கு ஒருமுறை அவரே போன் செய்து, "ஏதாவது தெரிந்ததா?" என்று கேட்பார். அவர் கேட்கும் விதத்தில் ஒரு தடவை கூட அவசரம் இருந்ததில்லை. அதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

2021 ஆகஸ்ட் 24-ந் தேதி விதிகளை அறிவித்தார்கள். 2019-ம் வருட வருமானத்தையும் 2020-ம் வருட வருமானத்தையும் காட்ட வேண்டும், குறைந்ததில் 80 சதவீதம் வரை கிடைக்கலாம், நிதி போதாவிட்டால் அதுவும் குறையும். அவருடைய ஷூ டப்பாவை மேஜையில் கொட்டினோம். கம்பெனி ஒவ்வொரு கூட்டம் ஏற்றும்போதும் கொடுத்த கூலிச் சீட்டுகள். எத்தனை இறக்கியது, எத்தனை செத்தது, எத்தனை ஏறியது. 2019-ல் கூட்டினால் 95,000 டாலர். 2020-ல் 68,000. இடையில் 27,000. அதில் 80 சதவீதம் 21,600.

அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு படிவத்தை மெதுவாகப் படித்தார். ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். பன்றிகள் யாருக்குச் சொந்தம் என்ற பழைய கேள்வி இல்லை. நீங்கள் வளர்த்தீர்களா என்று இருந்தது. "வளர்த்தேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு லாரி வருகிறது, குட்டி இறக்க வேண்டும் என்று கிளம்பினார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, மறந்துபோன ஷூ டப்பாவை எடுத்துக்கொண்டார். "அடுத்த தடவை கேட்பார்கள் இல்லையா" என்றார்.